மீன் ஸ்ட்ரீக் (Mean Streak) மரக் கோஸ்டரில் இரும்பு ஏற்றியது சரியா? சீடர் பாயின்ட்டின் மாறிய ரைடுகள் பற்றி ஒரு விவாதம்

ஏரிக்கரை எழுதியது:

"பழைய ரைடுகளைப் பிரித்துப்போட்டுப் புதுசு கட்டினால்தான் பார்க் பிழைக்கும்" என்று இங்கே அடிக்கடி சொல்கிறார்கள். பொதுவாகப் பேசினால் முடிவே வராது. ஒரே ஒரு பார்க்கை எடுத்துக்கொண்டு பேசுவோம்.

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் சாண்டஸ்கி ஊரை ஒட்டி, ஈரி ஏரிக்குள் நீண்டு கிடக்கும் ஒரு நிலத்துண்டில் இருக்கிறது சீடர் பாயின்ட். 1870-ல் குளியல் கரையாகத் தொடங்கிய இடம். 1892-ல் அங்கே வந்த ஸ்விட்ச்பேக் ரயில்வே என்ற ரோலர் கோஸ்டரின் உயரம் வெறும் 25 அடி. 1929-ல் சைக்ளோன் என்ற மரக் கோஸ்டர் வந்தது, 1951-ல் பிரித்துவிட்டார்கள். 1950-களின் கடைசியில் பார்க்கையே இடித்து வீட்டுமனை போடும் திட்டம்கூட இருந்தது. ஊர் மக்கள் எதிர்த்ததால் தப்பியது. அதற்குப் பிறகு வந்தவைதான் இன்று நாம் பேசும் வரிசை: 1964 ப்ளூ ஸ்ட்ரீக், 1976 கார்க்ஸ்க்ரூ, 1978 ஜெமினி, 1989 மேக்னம், 1991 மீன் ஸ்ட்ரீக், 2000 மில்லெனியம் ஃபோர்ஸ், 2003 டாப் த்ரில் டிராக்ஸ்டர்.

என் கட்சி இது. 2012-லிருந்து இந்த பார்க் தன் சொந்த வரலாற்றைத் தின்றுகொண்டிருக்கிறது. 1965-லிருந்து நின்ற ஸ்பேஸ் ஸ்பைரல் கோபுரமும், 1985-ல் அவலாஞ்ச் ரன் என்ற பெயரில் தொடங்கிய டிசாஸ்டர் டிரான்ஸ்போர்ட் கோஸ்டரும் 2012-ல் கேட்கீப்பர் என்ற புதுக் கோஸ்டருக்காகப் போயின. 2016-ல் மீன் ஸ்ட்ரீக்கை மூடி, 2018-ல் அதன் மரத்தின் மேல் இரும்புத் தடம் போட்டு ஸ்டீல் வெஞ்சன்ஸ் ஆக்கினார்கள். 2024-ல் டிராக்ஸ்டரை டாப் த்ரில் 2 ஆக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொன்னார்கள். அந்தக் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நட்டும்போல்ட்டும் எழுதியது:

மீன் ஸ்ட்ரீக்கை எடுத்துக்கொள்கிறேன். 161 அடி உயரம், 5,427 அடி நீளம், மணிக்கு 105 கி.மீ. வேகம். கட்டியது டின் கார்ப்பரேஷன், வடிவமைத்தவர் கர்டிஸ் சம்மர்ஸ். 17 லட்சம் போர்டு அடி சதர்ன் யெல்லோ பைன் மரம் அதில் இருந்தது. ஒரு போர்டு அடி என்பது ஓரடிக்கு ஓரடி, ஓர் அங்குலக் கனம். கன மீட்டரில் சுமார் 4,000.

இவ்வளவு மரத்தில் ரயில் சக்கரம் தொடுவது எதை என்று பார்த்தால் பிரச்சினை புரியும். பொதுவாக மரக் கோஸ்டரில் ஒரு பக்கத்துத் தடம் என்பது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய ஏழெட்டுப் பலகைகள். ஓர் அடுக்கின் மூட்டும் அடுத்த அடுக்கின் மூட்டும் ஒரே இடத்தில் வராதபடி மாற்றி மாற்றி வைத்து, ஆணியும் போல்ட்டும் போட்டு இறுக்குவார்கள். மேல் இரண்டு அடுக்கு மட்டும் அகலமாக, உள்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும். துருத்திய அந்த விளிம்பின் அடியில்தான் ரயில் மேலே எழும்பாமல் பிடிக்கும் சக்கரம் ஓடும். பக்கவாட்டில் வழிகாட்டும் சக்கரமும் அதே விளிம்பை உரசித்தான் போகும். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தட்டையான இரும்புப் பட்டை. ஆக, எடை முழுதும் மெல்லிய பட்டை வழியாக மரத்துக்கே போகிறது.

மரம் ஒரு இடத்தில் நூலளவு அமுங்கினால் சக்கரம் அங்கே விழுந்து எழும். எழுந்த சக்கரம் அடுத்த இரண்டடியில் இன்னும் வேகமாக மோதும். அங்கே ஒரு பள்ளம் புதிதாகப் பிறக்கும். அந்த அதிர்வில் போல்ட் தளரும், தளர்ந்த இடத்தில் பலகைகள் ஒன்றோடொன்று உரசும், இடைவெளி பெரிதாகும். ஏரிக்காற்றின் ஈரத்தில் மரம் ஊறுகிறது, குளிர்காலத்தில் அந்த ஈரமே உறைந்து மரத்தை விரிக்கிறது. தினமும் காலையில் தச்சர்கள் தடத்தின் மேல் நடந்து இறுக்கினாலும், அவ்வளவு நீளத்தில் பழுது அவர்களை முந்திக்கொண்டே இருக்கும். கடைசியில் முதல் சரிவிலேயே பிரேக் வைத்து வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டினார்கள். இறங்கத் தொடங்கிய ரயிலைச் சரிவிலேயே பிடித்து நிறுத்தினால் அந்த உயரத்துக்கு ஏறியதற்குப் பயன் என்ன?

மரப்பலகை எழுதியது:

நோயைச் சரியாகச் சொன்னீர்கள். ஆனால் அதற்கு இரும்பு மட்டும்தான் மருந்தா?

இதே ஓஹையோவில் கிங்ஸ் ஐலண்ட் பார்க்கில் 1979-லிருந்து ஓடுகிறது தி பீஸ்ட். நீளம் 7,359 அடி, மீன் ஸ்ட்ரீக்கைவிட அதிகம். 2022 பருவத்துக்கு முன்பு கிராவிட்டி குரூப் நிறுவனம் அதில் 2,000 அடிக்கு மேல் தடத்தைப் பிரித்துப் புது மரத்தில் அடுக்கியது. முதல் சரிவின் கோணத்தையும் 45 டிகிரியிலிருந்து 53-க்கு மாற்றினார்கள். அது மரக் கோஸ்டராகவே நிற்கிறது.

மீன் ஸ்ட்ரீக்குக்குச் செய்திருக்க வேண்டியவை எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. சரிவின் அடியிலும், பெரிய வளைவு தொடங்கும் இடத்திலும் முழு அடுக்கையும் மாற்ற வேண்டும். மற்ற இடங்களில் மேல் இரண்டு அடுக்கு போதும். வளைவுக்குள் நுழையும் இடத்தில் சாய்வு திடீரென்று வராமல் நீட்டி வர வேண்டும், ஏனென்றால் பக்கவாட்டு இடி பிறப்பது அங்கேதான். பிறகு ரயிலை மாற்ற வேண்டும். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரே வரிசை வைத்து, பெட்டிக்குப் பெட்டி திரும்பிக்கொடுக்கும் மில்லெனியம் ஃப்ளையர் வகை ரயில் அப்போதே கிடைத்தது. இரண்டு அச்சும் விறைப்பாக நிற்கும் பழைய பெட்டி வளைவில் தடத்தைச் சீவிக்கொண்டு போகும். திரும்பிக்கொடுக்கும் பெட்டி அப்படிச் சீவாது. மரத்தைக் குறை சொல்லும் முன் பெட்டியைக் கேட்டிருக்க வேண்டும்.

கணக்கன் எழுதியது:

மரப்பலகை சொல்வது 80 அடி உயரத்துக்குச் சரி. 160 அடிக்குச் சரியா என்பதுதான் கேள்வி.

ஒரு வளைவின் ஆரம் மாறாமல் இருந்தால், தடத்தின் மேல் விழும் விசை வேகத்தின் இருமடியாகக் கூடும். பென்சில்வேனியாவில் நோபல்ஸ் பார்க்கின் ஃபீனிக்ஸ் 78 அடி உயரம், மணிக்கு சுமார் 72 கி.மீ. மீன் ஸ்ட்ரீக் 105. (105/72)-ஐ இருமடியாக்கினால் 2.1. ஒரே மரம், ஒரே பட்டை, ஒரே போல்ட், ஆனால் இரண்டு மடங்குக்கு மேல் அடி. வளைவைப் பெரிதாக்கி அதை ஈடுகட்டலாம், சம்மர்ஸ் அதைத்தான் செய்தார். ஆனால் வளைவைப் பெரிதாக்கினால் ரைடு சப்பென்று ஆகிவிடும். மீன் ஸ்ட்ரீக் மேல் இருந்த இரண்டு புகாரும், அதாவது முரடு, சலிப்பு, இந்த ஒரே வேரிலிருந்து வந்தவை.

அந்தக் குடும்பத்தின் கதியையும் பாருங்கள். டின்னும் சம்மர்ஸும் சேர்ந்து அடுத்தடுத்து எழுப்பிய பெரிய மரக் கோஸ்டர்கள்: 1989 டோர்னி பார்க்கின் ஹெர்குலிஸ், 2003-ல் மூடப்பட்டது. 1990 டெக்சஸ் ஜயன்ட், 2009-ல் மூடி 2011-ல் இரும்புத் தடத்தோடு திரும்பியது. 1991 மேஜிக் மவுன்டனின் சைக்ளோன் (அங்கே முதல் எழுத்து வேறு), 2006-ல் மூடப்பட்டது. கடைசியாக மீன் ஸ்ட்ரீக். நான்கும் ஒரே மாதிரி முடிந்திருக்கின்றன என்றால் அது பராமரிப்புப் பிழை மட்டும் இல்லை.

மரப்பலகை எழுதியது:

பட்டியல் அரைகுறை. அதே இருவரின் டிம்பர் உல்ஃப், 1989-ல் கன்சாஸ் சிட்டியில் கட்டியது, இன்றும் ஓடுகிறது. கிரேட் கோஸ்டர்ஸ் நிறுவனம் அதன் பெரிய சுழல் பகுதியைப் பிரித்து வேறு வடிவில் கட்டிக்கொடுத்தது. நீங்கள் உதாரணம் காட்டிய ஃபீனிக்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 1947-ல் சான் அன்டோனியோவில் கட்டியது. பலகை பலகையாக எண் போட்டுப் பிரித்து 1985-ல் பென்சில்வேனியாவில் நிறுத்தினார்கள். அந்த வேலையை நடத்தியது சார்ல்ஸ் டின் தான்.

கணக்கன் எழுதியது:

டிம்பர் உல்ஃப் 100 அடி. ஃபீனிக்ஸ் 78 அடி. நான் சொன்ன எல்லைக்குள்தான் இரண்டும் வருகின்றன. பீஸ்ட் நீளம் அதிகம், ஆனால் உயரம் 110 அடிதான். பள்ளத்தாக்கில் நிலத்தோடு ஒட்டி ஓடுவதால் தாங்கும் மரச்சட்டம் பல இடத்தில் குட்டை, அதனால் ஆட்டமும் குறைவு. மீன் ஸ்ட்ரீக் முழுக்கத் தட்டையான நிலத்தில், காற்றில் நின்ற சட்டம்.

நட்டும்போல்ட்டும் எழுதியது:

ஸ்டீல் வெஞ்சன்ஸைக் கட்டிய ராக்கி மவுன்டன் கன்ஸ்ட்ரக்‌ஷன் செய்ததையும் சொல்லிவிடுகிறேன், பலர் "மரத்தை இடித்து இரும்பு கட்டினார்கள்" என்று நினைக்கிறார்கள். கட்டுமானத்தின் பெரும்பகுதி நின்றது. பலகை அடுக்கை எடுத்துவிட்டு, தகடுகளை வெட்டிப் பற்றவைத்த ஐ-பாக்ஸ் என்ற இரும்புத் தடத்தை மரச் சட்டங்களின் மேல் போல்ட் போட்டார்கள். குழாயை வளைப்பதற்குப் பதில் தட்டையான தகட்டைத் தேவையான கோட்டில் வெட்டிச் சேர்ப்பதால் எந்த முறுக்கையும் துல்லியமாகக் கொண்டுவர முடியும். இந்தத் தடத்தை முதலில் பார்த்தது 2011-ன் நியூ டெக்சஸ் ஜயன்ட்.

பலன்: உயரம் 161-லிருந்து 205 அடி. செங்குத்தான 90 டிகிரி சரிவு. நான்கு தலைகீழ்ச் சுற்று. மணிக்கு 119 கி.மீ. அந்த வேகத்தில் சிறு மேடுகளில் இருக்கையிலிருந்து உடல் எழும்பும் நேரத்தைக் கூட்டினால் 27 விநாடிக்கு மேல். முதல் சரிவில் பிரேக் இல்லை. பழைய மரத்தில் இதில் ஒன்றைக்கூட முயல முடியாது.

பொன்மலை எழுதியது:

நானும் நட்டும்போல்ட்டும் பக்கம்தான், ஆனா புதுசுன்னா குறையே இல்லைன்னு யாரும் நினைச்சுடக் கூடாது. 2018 மே மாசம் திறந்த முதல் நாளே பிரேக் பகுதியில ஒரு ரயில் முன்னாடி நின்ன ரயிலை லேசா இடிச்சுடுச்சு. அப்புறம் கொஞ்ச நாள் மூணு ரயிலுக்குப் பதிலா ஒரே ரயில்தான் ஓடுச்சு. ஒரு ரயிலுக்கு 24 பேர். ஒத்தை ரயில்ல வரிசை எப்படி நீளும்னு கணக்குப் பண்ணிக்கோங்க. தடம் வழுவழுன்னு ஆனா ரயில் எதிர்பார்த்ததைவிட வேகமா வந்து பிரேக்குக்குள்ள நுழையும். மரத்துல உராய்வு தின்னுட்டு இருந்த வேகத்தை இங்க பிரேக்தான் தின்னணும். தடம் மாத்துறவங்க பிரேக்கையும் முழுசா மறுகணக்குப் போடணும்.

ஏரிக்கரை எழுதியது:

எல்லாரும் பொறியியல் மட்டும் பேசுகிறீர்கள். என் கேள்வி வேறு: அது இன்னும் அதே ரைடா? மர ரைடு ஒன்று போய் இரும்பு ரைடு ஒன்று வந்தது என்றால், பார்க்கில் மரக் கோஸ்டர் என்று மிஞ்சியது 1964-ன் ப்ளூ ஸ்ட்ரீக் ஒன்றுதான். அது எவ்வளவு பெரிய இழப்பு?

நட்டும்போல்ட்டும் எழுதியது:

மரமா இரும்பா என்பதை எதை வைத்துச் சொல்கிறீர்கள்? நியூயார்க் கோனி ஐலண்டின் சைக்ளோன், 1927-ல் கட்டியது, 1988-ல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமானது. உலகமே அதை மரக் கோஸ்டர் என்கிறது. அதன் தாங்கு சட்டம் இரும்பு, தடம்தான் மரம். சீடர் பாயின்ட்டின் ஜெமினி நேர்மாறு: தாங்குவது மரம், தடம் இரும்புக் குழாய். அது 1978-லிருந்து அங்கேயே நிற்கிறது. அதற்கு முன்பே, 1969-ல் வந்த சீடர் க்ரீக் மைன் ரைடிலும் மரத்தின் மேல் இரும்புதான். ஆக, மரச் சட்டத்தில் இரும்பு ஏறியது அந்த பார்க்குக்குப் புதிது இல்லை, அதன் மரபிலேயே இருக்கிறது.

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தியது. அதை யாராவது வேறு தேர் என்கிறார்களா?

மரப்பலகை எழுதியது:

தேர் உதாரணம் எனக்குத்தான் துணை. தேரில் மாறியது அச்சும் பிரேக்கும், அதாவது ஓடுவதற்கான உறுப்பு. தேரின் உருவமும் அது போகும் வீதியும் மாறவில்லை. மீன் ஸ்ட்ரீக்கில் மாறியது அது போன பாதையே. 161 அடிக் குன்றும், அகலமான வளைவுகளும், ஒன்றுக்குள் ஒன்று திரும்பிவரும் நீண்ட சுற்றும் போய்விட்டன. தலைகீழ்ச் சுற்றும் வந்துவிட்டது. பெயரும் மாறியது.

நல்ல உதாரணம் வேண்டுமென்றால் அதே பார்க்கில் இருக்கிறது. 1996-ல் நின்றுகொண்டே போகும் கோஸ்டராக வந்த மேன்டிஸ். நிற்கும்போது தோளுக்கு மேல் வரும் பிடி தலையின் இரு பக்கமும் இடிக்கிறது, காலில் பாரம் இறங்குகிறது என்று குறை. 2015-ல் தடத்தைத் தொடாமல், ரயிலை மட்டும் தரையில்லாத உட்காரும் பெட்டியாக மாற்றி ரூகரூ என்று பெயரிட்டார்கள். எங்கே வலித்ததோ அங்கே மட்டும் கைவைத்தார்கள். ஜெமினி விஷயத்தில் நீங்கள் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், அதை நான் கணக்கில் எடுக்கவில்லை.

ஏரிக்கரை எழுதியது:

சரி, இப்போது டிராக்ஸ்டர். இதில்தான் எனக்கு மனசு ஆறவில்லை.

2003-ல் 420 அடி. 3.8 விநாடியில் மணிக்கு 193 கி.மீ. பந்தயக் கார்களுக்கு எரியும் அந்த விளக்குத் தூண் மஞ்சள், மஞ்சள், பச்சை என்று மாறும், அடுத்த நொடி உலகம் பின்னால் போகும். செங்குத்தாக ஏறி, உச்சியைத் தாண்டி, முறுக்கிக்கொண்டு இறங்கி, பிரேக். எல்லாம் அரை நிமிடத்துக்குள். அதற்கு மேல் ஒன்றும் கிடையாது, தேவையும் இல்லை. எப்போதாவது உச்சியைத் தாண்டாமல் ரயில் பின்னோக்கி வந்தால், அதைக் காண வேலியோரம் கூட்டம் நிற்கும்.

இப்போது? மூன்று தடவை முன்னும் பின்னும் தள்ளிவிடுகிறார்கள். ஒரே மூச்சில் பாய்வதுதான் அந்த ரைடின் உயிர். அதை எடுத்துவிட்டு உயரத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

பொன்மலை எழுதியது:

ஏரிக்கரை அண்ணே, அந்த ஒரே மூச்சு எப்படி வந்துச்சுன்னு பார்த்தா நீங்களே மனசு மாறுவீங்க.

மின்சாரப் பம்புகள் எண்ணெயைத் தள்ளி பெரிய உருளைகளுக்குள்ள ஏத்தும். உருளைக்குள்ள ஒரு பிஸ்டன், அதுக்கு அந்தப் பக்கம் நைட்ரஜன் வாயு. எண்ணெய் ஏற ஏற வாயு அமுங்கும். புறப்படும்போது வால்வு திறந்தா அமுங்கின வாயு எண்ணெயை ஒரே தள்ளா வெளியே தள்ளும். அந்த எண்ணெய் ஒரு பெரிய டிரம்மைச் சுத்தி இருக்கிற ஹைட்ராலிக் மோட்டார்களைச் சுழற்றும். டிரம் இரும்புக் கேபிளைச் சுருட்டும். கேபிள்ல மாட்டின ஒரு வண்டி தடத்துக்கு நடுவுல ஒரு பள்ளத்துல ஓடும், அதுதான் ரயிலைப் பிடிச்சு இழுக்கும். கடைசியில ரயிலை விட்டுட்டு, தானே பிரேக் போட்டு நின்னு, திரும்பி வரும். ரயில் புறப்படும்போது தடத்துல இருக்கிற பிரேக் தகடுகள் கீழே இறங்கி வழிவிடும், ரயில் தாண்டினதும் மேலே எழும்பி நிக்கும். ரயில் பின்னோக்கி வந்தா காப்பாத்துறது அந்தத் தகடுகள்தான். காந்தப் பிரேக், மின்சாரம் போனாலும் பிடிக்கும்.

கெடுறது எங்க? முதல்ல கேபிள். பக்கத்துல மில்லெனியம் ஃபோர்ஸ்லயும் கேபிள்தான் ரயிலை 310 அடி ஏத்துது, ஆனா நிதானமா ஏத்துது. இங்க கேபிள் சில நொடியில 193 கி.மீ. வேகத்துக்குப் போய், உடனே நின்னு, திரும்பி ஓடணும். ஒவ்வொரு தடவையும் இழை இழையாத் தேயும். இதே வகை எந்திரம் முதல்ல வந்த கலிஃபோர்னியா நாட்ஸ் பெர்ரி ஃபார்மோட எக்ஸெலரேட்டர்ல 2009-ல கேபிள் அறுந்து ரயில்ல இருந்தவங்களைக் காயப்படுத்துச்சு. அடுத்தது எண்ணெய்: சூடாச்சுன்னா இளகும், தள்ளு விசை மாறும். நைட்ரஜன் கசிஞ்சா அழுத்தம் குறையும். வால்வு, சீல் எல்லாம் சேர்ந்து ஒரு ஆலையே அது. ஒண்ணு கோளாறானாலும் அன்னைக்கு ரைடு மூடல்.

கணக்கன் எழுதியது:

உச்சியைத் தாண்டாமல் திரும்பியதன் கணக்கு:

420 அடி என்பது 128 மீட்டர். உராய்வே இல்லையென்றால் அதை எட்டத் தேவையான வேகம் மணிக்கு 180 கி.மீ. புறப்பட்டது 193-ல். அந்த வேகம் உராய்வில்லாமல் 146 மீட்டர் ஏற்றும். கையிருப்பு 18 மீட்டர். காற்றுத் தடையும் சக்கர உராய்வும் அதற்குள்தான் அடங்க வேண்டும். வேகம் நூற்றுக்கு ஐந்து குறைந்தால் போதும், 146 என்பது 132 ஆகிவிடும். எதிர்காற்று, குளிர்ந்த சக்கரம், எடை குறைந்த ரயில், எது வந்தாலும் கையிருப்பு காலி. கணினி முந்தைய சில ஓட்டங்களைப் பார்த்து அடுத்ததற்கு விசை வைக்கும். நடுவில் காற்று மாறினால் அது கணித்தது தப்பும்.

இப்போது டாப் த்ரில் 2. முதல் தள்ளு முன்னோக்கி மணிக்கு 119 கி.மீ. கோபுரத்தில் பாதிக்கும் கீழே ஏறி, திரும்பி வரும்போது இரண்டாவது தள்ளு பின்னோக்கி 163. பின்பக்கம் புதிதாக நிறுத்திய 420 அடிச் செங்குத்துத் தூணில் ஏறி, இறங்கி வரும்போது மூன்றாவது தள்ளு 193.

ஒரு கிலோ எடைக்கு எவ்வளவு ஆற்றல் என்று பாருங்கள். முதல் தள்ளு சுமார் 550 ஜூல். இரண்டாவதில் கூட்டுவது 470. மூன்றாவதில் 415. பழையதில் மொத்தம் 1,435 ஜூலையும் 3.8 விநாடியில் ஒரே தவணையில் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது அது மூன்று ஏறக்குறைய சம தவணை. மின்காந்த மோட்டார்களை வைத்து அதைச் செய்ய முடிவது இந்தப் பங்கீட்டால்தான். ஒரே பாய்ச்சலில் செய்ய வேண்டுமென்றால் தடம் முழுவதும் மோட்டார் பதித்து, மின்சாரத்தையும் ஒரே நொடியில் பெருமளவு இழுக்க வேண்டும். ஏரிக்கரை ரசித்த பாய்ச்சல் போனதற்குக் காரணம் ரசனைக்குறைவு இல்லை, இந்தக் கணக்குதான்.

ஏரிக்கரை எழுதியது:

கணக்கு புரிகிறது, நன்றி. ஆனால் மாற்றியதன் காரணம் கேபிளோ எண்ணெயோ இல்லையே. 2021 ஆகஸ்ட் 15 அன்று ரயிலின் பின்புறத்திலிருந்து கையளவு இரும்புத் தகடு ஒன்று கழன்று விழுந்து, வரிசையில் நின்ற ஒரு பெண்ணின் தலையில் பட்டது. கொடுமையான காயம். ரைடு அன்றே மூடப்பட்டது. ஓஹையோ வேளாண் துறைதான் அங்கே ரைடுகளைச் சோதிக்கும் அமைப்பு. அதன் விசாரணை, பார்க் சட்டத்தை மீறியதற்குச் சான்று இல்லை என்று 2022-ல் முடிந்தது. விழுந்தது ரயிலின் உறுப்பு. தள்ளும் எந்திரம் அதற்குப் பொறுப்பில்லை. ரயிலை மாற்றி, தகட்டுக்கு இரண்டாவது பிடிமானம் கொடுத்து, வரிசையைத் தடத்திலிருந்து தள்ளிவைத்து, மேலே வலை போட்டிருந்தால் பழைய எந்திரத்தோடு ஓடியிருக்கலாம். அபுதாபியின் ஃபார்முலா ரோஸா 2010-லிருந்து அதே ஹைட்ராலிக் முறையில் ஓடுகிறது.

புதியதோ 2024 மே 4-ல் திறந்து, ஒரு வாரம் சொச்சத்தில் மூடப்பட்டது. ரயில் பெட்டிகளில் இயந்திர மாற்றம் தேவை என்றார்கள். அந்தப் பருவம் முழுதும் திறக்கவில்லை. 2025-ல்தான் திரும்பியது. பழையதன் கோளாறுகளைத் தீர்க்க வந்ததே ஒரு பருவத்தைத் தின்றுவிட்டது.

நட்டும்போல்ட்டும் எழுதியது:

தகடு விழுந்ததற்கும் எந்திரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை என்பதை ஏற்கிறேன். அந்தப் பெண்ணுக்கு நடந்ததை வைத்து யாரும் வாதத்தில் ஜெயிக்கக் கூடாது, அதை நீங்கள் கவனமாகச் சொன்னதற்கு மரியாதை. ஆனால் இது தனித்து நின்ற உறுப்பு என்று விட்டுவிட முடியாது. கணக்கன் கொடுத்த எண்ணைப் பாருங்கள்: 3.8 விநாடியில் 193 என்றால் சராசரி 1.4 ஜி, அதாவது புவியீர்ப்பின் 1.4 மடங்கு இழுப்பு. ஒவ்வொரு ஓட்டத்திலும் ரயிலில் திருகிய ஒவ்வொரு தகடும் அந்த இழுப்பையும், பிறகு காந்தப் பிரேக்கின் இழுப்பையும் மாறி மாறி வாங்குகிறது. போல்ட்டுக்கு மிக மோசமான பாரம் இப்படி மாறி மாறி வருவதுதான்.

மின்காந்த முறையில் தடத்தில் பதித்த சுருளும் ரயிலின் காந்தமும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. கேபிள் இல்லை, இழுக்கும் வண்டி இல்லை, எண்ணெய் இல்லை. பார்க்க வேண்டியது மூன்று: சுருளின் சூடு, காந்தத்துக்கும் சுருளுக்கும் உள்ள இடைவெளி, மின்சாரச் சேமிப்பு. சக்கரம் தேய்ந்து ரயில் சற்று இறங்கினாலும் இடைவெளி மாறும் என்பதால் சக்கரத்தை மட்டும் கண்ணும் கருத்துமாகப் பார்க்க வேண்டும்.

டிராக்ஸ்டரின் தம்பியான நியூஜெர்சியின் கிங்டா கா, 456 அடி, அதே ஹைட்ராலிக். 2024-ல் மூடி, 2025 பிப்ரவரி 28 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். சீடர் பாயின்ட்டில் அந்தக் கோபுரம் நிற்கிறது. அதன் மேல் ரயில் ஏறுகிறது. நீங்கள் கேட்பது வரலாறு என்றால், எங்கே மிஞ்சியது?

ஏரிக்கரை எழுதியது:

கிங்டா காவைப் பற்றிச் சொன்னது வலிக்கிறது, ஆனால் சரி. கோபுரம் மிஞ்சியது பெரிய விஷயம். பாய்ச்சல் போனது பற்றிய வருத்தத்தை மட்டும் நான் விடமாட்டேன்.

மரப்பலகை எழுதியது:

வைத்துக் காப்பாற்றவும் இந்த பார்க்குக்குத் தெரியும் என்பதையும் பதிவு செய்கிறேன். சீடர் டவுன்ஸ் அதற்குச் சாட்சி. 1920-களில் க்ளீவ்லண்டின் யூக்ளிட் பீச் பார்க்குக்காகக் கட்டியது, 1960-களில் இங்கே வந்தது. சாதாரணக் குதிரை ராட்டினம் இல்லை. வரிசைக்கு நான்காக 64 குதிரைகள், மேடை சுற்றும்போதே வரிசைக்குள் ஒவ்வொரு குதிரையும் முன்னும் பின்னும் நகர்ந்து பந்தயம் ஓடும். அமெரிக்காவில் இந்த வகையில் ஓடுவது இதைத் தவிர நியூயார்க் ரை நகரத்தில் ஒன்றுதான். 1912-ல் செதுக்கிய மிட்வே குதிரை ராட்டினமும் அங்கே இன்னும் சுற்றுகிறது.

1983-ன் டீமன் டிராப் என்ற, உயரத்திலிருந்து விழும் ரைடைக்கூட உடைக்காமல் 2010-ல் டோர்னி பார்க்குக்கு அனுப்பினார்கள். ஸ்பேஸ் ஸ்பைரலுக்கு அந்த வழி கிடைக்கவில்லை. போல்ட் போட்ட சட்டத்தைப் பிரித்து எண் போட்டு லாரியில் ஏற்றலாம். 330 அடி ஒற்றைக் கோபுரத்தை அப்படி ஏற்ற முடியாது.

ஆகவே இனிப் பேச வேண்டியது ப்ளூ ஸ்ட்ரீக் பற்றி. அதில் இரும்பு ஏற்றலாம் என்று யாராவது சொல்கிறீர்களா?

கணக்கன் எழுதியது:

நான் சொல்லமாட்டேன். 78 அடி, மணிக்கு 64 கி.மீ., 2,558 அடி நீளம். என் கணக்குப்படி மீன் ஸ்ட்ரீக் வாங்கிய அடியில் நூற்றுக்கு 37 தான் இது வாங்கும். போய்த் திரும்பி வரும் நேர்பாதை, வளைவும் குறைவு. இந்த அளவுக்கு மரம் போதும்.

நட்டும்போல்ட்டும் எழுதியது:

நானும்தான். ஒரு நிபந்தனை: கண்ணில் பட்ட இடத்தை மட்டும் ஒட்டுப்போடுவது கூடாது. புதுப் பலகையும் பழைய பலகையும் சந்திக்கும் இடத்தில்தான் அடுத்த பள்ளம் பிறக்கும். ஒரு குன்றின் உச்சியிலிருந்து அடுத்த உச்சிவரை ஒரே தடவையில் மாற்ற வேண்டும்.

பொன்மலை எழுதியது:

உச்சியில இருந்து உச்சின்னா ஒரு குளிர்காலத்துல எத்தனை குன்று முடியும்னு பார்க்கணும். பார்க் இலையுதிர் காலத்துல மூடி மே மாசம் திறக்குது, நடுவுல ஏரிக்காத்துல பனி. நான் திரும்பு வளைவுல ஆரம்பிப்பேன். அங்கதான் பக்கவாட்டுச் சக்கரம் விளிம்பை அதிகமா தின்னும், பழுது மேல இருந்து பார்த்தா தெரியாது. விளிம்போட அடிப்பக்கம் கைவிட்டுத் தடவிப் பார்த்தாதான் தெரியும்.

மரப்பலகை எழுதியது:

வளைவில் உடன்பாடு இல்லை. முதல் சரிவின் அடிதான் முதலில். அங்கே பலகை மட்டும் அமுங்குவதில்லை, அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் போல்ட் துளையும் முட்டை வடிவில் இழுபடும். துளை இழுபட்டபின் எவ்வளவு புதுப் பலகை வைத்தாலும் நிற்காது. சட்டத்தை மாற்றி, புதுத் துளை போட்டு, அதன் மேல் அடுக்க வேண்டும். ஒரே குளிர்காலத்தில் ஒன்றுதான் முடியும் என்றால் அதைச் செய்யட்டும், வளைவு அடுத்த ஆண்டுக்கு நிற்கும்.

பொன்மலை எழுதியது:

துளை இழுபட்டிருந்தா நீங்க சொல்றதுதான் முதல். அதை மே மாசம் திறந்தப்புறம் பண்ண முடியாது. வளைவோட மேல் ரெண்டு அடுக்கை மட்டும் பருவத்துக்கு நடுவுல, ரெண்டு மூணு ராத்திரியில மாத்திடலாம்.